லோகோ பைலட் எப்போ தூங்குவார்?

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போற நைட் ட்ரெயின்ல நம்ம கவலை எல்லாம் மூணே மூணுதான். ஆர்ஏசி கன்ஃபர்ம் ஆச்சா, சார்ஜிங் பாயிண்ட் வேலை செய்யுதா, லோயர் பெர்த்தை யாராவது மாத்திக் கேட்பாங்களா. பத்தரை மணிக்கு லைட்டை அணைச்சிட்டுப் படுத்துடறோம். அதே நேரத்துல இன்ஜின்ல ரெண்டு பேர் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தர் லோகோ பைலட், இன்னொருத்தர் அசிஸ்டென்ட் லோகோ பைலட். நாம ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேர் நிம்மதியா தூங்கணும்னா அவங்க ரெண்டு பேரும் தூங்கக் கூடாது. அது சரி, அவங்க எப்போதான் தூங்குவாங்க?

கேள்வி சின்னதா தெரியும். ஆனா இதுக்குள்ள உடலியல், சட்டம், கன்ட்ரோல் சிஸ்டம், டைம்டேபிள் எல்லாமே இருக்கு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஊதச் சொல்றாங்க, தூங்கினீங்களான்னு அளக்கறதில்லை

டியூட்டிக்கு வர்ற லோகோ பைலட் நேரா இன்ஜினுக்குப் போக முடியாது. முதல்ல க்ரூ லாபிக்குப் போய் 'சைன் ஆன்' பண்ணணும். அங்க ஒரு மெஷின்ல ஊதணும். குடிச்சிருந்தா அன்னிக்கு வண்டி கிடையாது, நடவடிக்கையும் உண்டு. ரொம்ப நியாயமான விதி.

இப்போ ஒரு ஆராய்ச்சியைப் பாருங்க. 1997-ல ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாசன், ரீட் ரெண்டு பேரும் 'நேச்சர்' இதழ்ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ஆட்களைத் தூங்காம முழிச்சிருக்க வெச்சு ஒரு டெஸ்ட், மது கொடுத்து அதே டெஸ்ட். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தப்போ, தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தவங்களோட செயல்திறன் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவங்க அளவுக்கு இறங்கியிருந்தது. 24 மணி நேரம் ஆனப்போ அது 0.10 சதவீதத்துக்குச் சமமா போச்சு.

நம்ம நாட்டுல ரோட்ல வண்டி ஓட்டறவங்களுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஒரு சொட்டு கூட குடிக்காத ஒருத்தர், 17 மணி நேரம் முழிச்சிருந்தாலே இந்தக் கோட்டைத் தாண்டின நிலைமையில இருக்கார். ஊதற மெஷின் அவருக்குப் பச்சை விளக்கு காட்டும்.

அசதியில ரெண்டு வகை

'டயர்டா இருக்கு'ன்னு நாம சொல்றதுல ரெண்டு வேற வேற விஷயம் கலந்திருக்கு. ரெண்டுக்கும் மருந்து வேற.

முதலாவது, வேலையால வர்ற அசதி. இன்ஜின்ல என்ன வேலை, சும்மா உட்கார்ந்திருக்கறதுதானேன்னு தோணும். ஒவ்வொரு சிக்னலையும் தூரத்துல இருந்தே பார்த்து, ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லி உறுதி பண்ணிக்கணும். எந்த இடத்துல வேகக் கட்டுப்பாடுன்னு காஷன் ஆர்டர் இருக்கோ அதை ஞாபகத்துல வெச்சு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும். லெவல் கிராஸிங் வருதுன்னா ஹார்ன். இதெல்லாம் இன்ஜின் சத்தத்துலயும் அதிர்வுலயும் மணிக்கணக்கா. இந்த மாதிரி ஒரே விஷயத்தைத் தொடர்ந்து கவனிக்கிற வேலையில, நேரம் போகப் போகக் கவனம் தானா சரியும். கொஞ்ச நேரம் வேலையை விட்டு விலகினா திரும்ப ஏறும். இதுக்கு மருந்து இடைவேளை. பத்து நிமிஷம் எழுந்து நடந்தா, தண்ணி குடிச்சா, பாத்ரூம் போய்ட்டு வந்தா போதும்.

ரெண்டாவது, தூக்கமின்மையால வர்ற அசதி. இதை விளக்க 1982-ல அலெக்சாண்டர் போர்பெலி ஒரு மாடல் கொடுத்தார். ரெண்டு விசைகள். ஒண்ணு, முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறிக்கிட்டே போற தூக்க அழுத்தம். டேங்க்ல தண்ணி ஏறற மாதிரி. தூங்கினாத்தான் வடியும். இன்னொண்ணு, 24 மணி நேரச் சுழற்சியில ஓடற உடம்புக் கடிகாரம். சைன் அலை மாதிரின்னு வெச்சுக்கோங்க. அதோட பள்ளம் பொதுவா விடியற்காலை 2 மணியில இருந்து 6 மணிக்குள்ள வரும். அழுத்தம் உச்சத்துல இருக்கும்போது கடிகாரமும் பள்ளத்துல இருந்தா, மனுஷன் எவ்வளவு பொறுப்பானவரா இருந்தாலும் மூளை சில விநாடிகளுக்குத் தானா ஆஃப் ஆகும். மைக்ரோஸ்லீப்னு சொல்வாங்க. கண்ணு திறந்தே இருக்கலாம். நடந்தது அவருக்கே தெரியாமலும் போகலாம்.

இந்த ரெண்டாவது அசதிக்கு டீ மருந்து இல்லை, மன உறுதியும் மருந்து இல்லை. இலட்சுமணன் பதினாலு வருஷம் தூங்காம காவல் காத்தான்னு கதை இருக்கு. அந்த வரம் எந்த ரயில்வே ஊழியருக்கும் கொடுக்கப்படலை. மருந்து தூக்கம் மட்டும்தான்.

விதி என்ன சொல்லுது?

லோகோ பைலட்டுக்கு 'ரெஸ்ட்'னு சொன்னா மூணு அடுக்கு இருக்கு. ஓட்டத்துக்கு நடுவுல கிடைக்கிற இடைவேளை, ரெண்டு டியூட்டிக்கு நடுவுல கிடைக்கிற ஓய்வு, வாரத்துக்கு ஒரு தடவை மாதிரி கிடைக்கிற பெரிய ஓய்வு.

பெரிய ஓய்வுல இருந்து ஆரம்பிப்போம். 1989 ரயில்வே சட்டப்படி, ரன்னிங் ஸ்டாஃப்க்கு மாசத்துக்கு 30 மணி நேரம் கொண்ட 4 ஓய்வோ, 22 மணி நேரம் கொண்ட 5 ஓய்வோ கிடைக்கணும். அதுல ஒரு முழு ராத்திரி அடங்கியிருக்கணும். கவனிங்க, நமக்கெல்லாம் வார லீவுன்னா சனிக்கிழமை சாயங்காலத்துல இருந்து திங்கட்கிழமை காலை வரைக்கும். கணக்குப் போட்டா 36 மணி நேரத்துக்கும் மேல வரும்.

அடுத்தது, டியூட்டிகளுக்கு நடுவுல. 8 மணி நேரமோ அதுக்கு மேலயோ ஓட்டிட்டுச் சொந்த ஊர் டிப்போவுக்குத் திரும்பினா 16 மணி நேர ஓய்வு. வெளியூர்ல இறங்கினா ரன்னிங் ரூம்ல 8 மணி நேர ஓய்வு. ஒரே ஓட்டத்துல வண்டி ஓட்டற நேரம் பொதுவா 9 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தேவைப்பட்டா நீட்டிக்க வழி இருக்கு.

இங்கதான் பெரிய பிரச்சினை. டியூட்டி முடிஞ்சதும் கிடைக்கிற 16 மணி நேரமும் வாராந்திர 30 மணி நேரமும் தனித்தனியா, இல்ல 16-ஐ உள்ளடக்கியதுதான் 30-ஆ? நடைமுறையில ரெண்டாவதுதான். அதாவது சாதாரண நாளை விட வார ஓய்வுல கூடுதலா கிடைக்கிறது 14 மணி நேரம். ரெண்டையும் கூட்டி 46 மணி நேரமா கொடுங்கன்னு லோகோ பைலட்கள் ரொம்ப காலமா கேட்கறாங்க. 2024 ஜூன்ல தென்னக ரயில்வேயில இதுக்காகவே போராட்டம் நடந்தது. தொடர்ச்சியான ராத்திரி டியூட்டிகளை நாலுல இருந்து ரெண்டா குறைக்கணும்னும் கேட்டாங்க.

46 ரொம்ப அதிகமோன்னு தோணினா வானத்தைப் பாருங்க. விமான பைலட்களுக்கான விதிகளை மாத்தினப்போ வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்துல இருந்து 48 மணி நேரமா உயர்த்தினாங்க. 2025 டிசம்பர்ல இண்டிகோ விமானங்கள் வரிசையா ரத்தானப்போ இந்தப் புது விதிகள் பத்தி எல்லா சேனல்லயும் பேசினாங்களே, அதேதான். ரெண்டு பேருமே பைலட்தான். ஒருத்தரோட தூக்கத்தைப் பத்தி நாடே பேசினது. இன்னொருத்தரோட தூக்கம் செய்தித்தாள்ல உள்பக்கத்தோட நின்னுடுச்சு.

பேப்பர்ல 16 மணி, படுக்கையில எவ்வளவு?

விதியை முழுசா கடைப்பிடிச்சாலும் என்ன ஆகும்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒருத்தர் ராத்திரி முழுக்க ஓட்டிட்டுக் காலை 6 மணிக்கு 'சைன் ஆஃப்' பண்றார். 16 மணி நேரம் கழிச்சு, ராத்திரி 10 மணிக்கு அடுத்த டியூட்டி. வீட்டுக்குப் போய், குளிச்சு, சாப்பிட்டுப் படுக்கும்போது 8 மணி. வெயில் ஏறியாச்சு. பக்கத்து வீட்ல மிக்ஸி, தெருவுல காய்கறி வண்டி ஸ்பீக்கர், கேஸ் சிலிண்டர்காரர். இதெல்லாம் இல்லைன்னாலும் உடம்புக் கடிகாரம் 'இது பகல், எழுந்திரு'ன்னுதான் சொல்லும். அதனாலதான் பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தை விடக் குறைவாவும் லேசாவும் இருக்கு. மதியம் 12 மணிக்கு முழிப்பு வந்துடுதுன்னு வெச்சுக்கோங்க. தூங்கினது 4 மணி நேரம்.

அப்புறம் பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வருவாங்க, பேங்க் வேலை இருக்கும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். 8 மணிக்கு டியூட்டிக்குக் கிளம்பச் சொல்லி அழைப்பு வரும். 10 மணிக்கு சைன் ஆன், மெஷின்ல ஊதியாச்சு, சுத்தமா இருக்கார். விடியற்காலை 5 மணிக்கு அவர் எங்க இருக்கார்? தொடர்ந்து முழிச்சிருந்தது 17 மணி நேரம். முந்தின தூக்கம் 4 மணி நேரம். கடிகாரம் பள்ளத்துல. கையில 110 கிலோமீட்டர் வேகத்துல போற ட்ரெயின். அவர் எந்த விதியையும் மீறலை. ரயில்வேயும் எந்த விதியையும் மீறலை.

இதுதான் இந்தக் கட்டுரையில நான் சொல்ல வந்த ஒரே விஷயம். ஓய்வு நேரம் வேற, தூக்கம் வேற. ஓய்வு எத்தனை மணி நேரம்னு பார்த்தா மட்டும் போதாது, அது கடிகாரத்துல எந்த இடத்துல விழுதுன்னு பார்க்கணும். காலை 6 மணிக்கு ஆரம்பிக்கிற 16 மணி நேரமும் சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பிக்கிற 16 மணி நேரமும் பேப்பர்ல ஒண்ணு, உடம்புக்கு ஒண்ணு இல்லை.

கூட்ஸ் ட்ரெயின் ஓட்டறவங்களுக்கு இன்னும் கஷ்டம். எக்ஸ்பிரஸ் ட்ரெயின்களுக்காவது 'லிங்க்'னு ஒரு முறையான அட்டவணை உண்டு. கூட்ஸுக்கு எப்போ அழைப்பு வரும்னே சொல்ல முடியாது. எப்போ எழுப்புவாங்கன்னு தெரியாம படுத்தா தூக்கம் எப்படி வரும்? எக்ஸாமுக்கு முதல் நாள் நாலு மணி அலாரம் வெச்சுட்டுப் படுத்தவங்களுக்கு இது புரியும்.

இடைவேளை கேட்டா?

மூணாவது அடுக்கு, ஓட்டத்துக்கு நடுவுல சாப்பிடவும் பாத்ரூம் போகவும் இடைவேளை. இதுக்குன்னு தனியா ஒரு நேரம் விதியில கிடையாது. 2025 ஏப்ரல்ல, இப்படி ஒரு இடைவேளையை விதியா கொண்டு வர்றது நடைமுறையில சாத்தியமில்லைன்னு ஒரு கமிட்டி சொன்னதை ரயில்வே போர்டு ஏத்துக்கிட்டது.

ரயில்வே தரப்புலயும் ஒரு காரணம் இருக்கு. ஒரு வண்டி 10 நிமிஷம் கூடுதலா நின்னா பின்னாடி வர்ற எல்லா வண்டியும் நிக்கும். ஸ்டேஷன்ல எப்படியும் நிக்குதே, இன்ஜின்ல ரெண்டு பேர் இருக்காங்களேன்னு கேட்கலாம். ஆனா ஸ்டேஷன்ல நிக்கிற ரெண்டு நிமிஷம் வண்டியோட நேரம், டிரைவரோட நேரம் இல்லை. சிக்னல் எப்போ விழும்னு பார்த்துக்கிட்டேதான் இருக்கணும். சமீப வருஷங்கள்ல சில இன்ஜின்கள்ல கழிப்பிட வசதி வந்திருக்கு, ஆனா இன்னும் எல்லாத்துலயும் வரலை. அதனால தண்ணி குடிக்கறதையே குறைச்சுக்கற பழக்கம் வந்திருக்கு. பெண் லோகோ பைலட்களுக்கு இது எவ்வளவு பெரிய கஷ்டம்னு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுப்பிவிடற மெஷின்

'சார், அதுக்குத்தான் டெக்னாலஜி இருக்கே'ன்னு நம்ம டிபார்ட்மென்ட் ஆட்கள் கை தூக்குவாங்க. இருக்கு. பேரு விஜிலன்ஸ் கன்ட்ரோல் டிவைஸ். லோகோ பைலட் 60 விநாடி எந்தக் கன்ட்ரோலையும் தொடலைன்னா ஒரு விளக்கு மின்னும். ஏறத்தாழ 8 விநாடி கழிச்சும் பதில் இல்லைன்னா பஸ்ஸர் அடிக்கும். இன்னொரு 8 விநாடி போனா தானா பிரேக் விழும்.

மொத்தம் 76 விநாடி. 110 கிலோமீட்டர் வேகம்னா விநாடிக்கு 30.6 மீட்டர். பெருக்கினா சுமார் 2.3 கிலோமீட்டர். பிரேக் விழறதுக்கு முன்னாடியே இவ்வளவு தூரம். அப்புறம் வண்டி நிக்கவும் தூரம் வேணும். வேகமான பாதைகள்ல நிக்க வேண்டிய சிக்னலுக்குச் சுமார் 2 கிலோமீட்டர் முன்னாடி முதல் எச்சரிக்கை சிக்னல் இருக்கும். ஆக, ஒருத்தர் தப்பான நேரத்துல கண்ணயர்ந்தா, மெஷின் பிரேக் போடறதுக்குள்ள எச்சரிக்கை சிக்னலும் போச்சு, சிவப்பு சிக்னலும் போச்சு.

இன்னொரு சிக்கலும் இருக்கு. நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டனை அழுத்திப் பழகின கை, அரைத் தூக்கத்துலயும் அழுத்தும். அலாரத்தை ஸ்னூஸ் பண்ணினது ஞாபகமே இல்லாம எட்டு மணிக்கு எழுந்திருக்கோமே, அந்த மாதிரி. கை உயிரோட இருக்குன்னு மெஷினுக்குத் தெரியும். மூளை முழிச்சிருக்கான்னு தெரியாது.

1986 பிப்ரவரி 8-ம் தேதி கனடாவுல ஹின்டன் ஊர் பக்கத்துல ஒரு கூட்ஸ் ட்ரெயின் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய்ப் பயணிகள் ரயில் மேல மோதினது. 23 பேர் இறந்தாங்க. விசாரணைக் கமிஷன், க்ரூவோட தூக்கமின்மையையும் ஒழுங்கில்லாத டியூட்டி நேரங்களையும் விரிவா பேசினது. அங்க டிரைவர் காலால அழுத்திக்கிட்டே இருக்க வேண்டிய பெடல் ஒண்ணு உண்டு. காலை எடுத்தா பிரேக் விழும். அந்தப் பெடல் மேல கனமான ஏதாவது ஒரு பொருளை வெச்சுடற வழக்கம் ஊழியர்கள் நடுவுல இருந்ததும் விசாரணையில வெளிவந்தது. சோர்ந்த மனுஷனை மிரட்டி முழிக்க வைக்கிற மெஷினை, சோர்ந்த மனுஷன் ஏமாத்தத்தான் பார்ப்பான்.

2003 பிப்ரவரியில ஜப்பான்ல வேற மாதிரி நடந்தது. மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்துல போன ஷின்கான்சென்ல டிரைவர் சுமார் 8 நிமிஷம் தூங்கிட்டார். வண்டி ஒகயாமா ஸ்டேஷன்ல பிளாட்ஃபார்ம்ல முழுசா நுழையாம தானா நின்னது. யாருக்கும் காயம் இல்லை. காரணம், அங்க தானியங்கி ரயில் கட்டுப்பாடு இருந்தது. அது டிரைவர் முழிச்சிருக்காரான்னு கேட்கலை, வண்டி இருக்க வேண்டிய வேகத்துல இருக்கான்னு கேட்டது. அந்த டிரைவருக்குத் தூக்கத்துல மூச்சு தடைபடற நோய் இருந்தது அப்புறம்தான் தெரிஞ்சது.

2013 டிசம்பர் 1-ம் தேதி நியூயார்க்ல பிராங்க்ஸ் பகுதியில 48 கிலோமீட்டர் வேகத்துல போக வேண்டிய வளைவுல ஒரு ரயில் 132 கிலோமீட்டர் வேகத்துல நுழைஞ்சு தடம் புரண்டது. 4 பேர் இறந்தாங்க. அந்த டிரைவருக்கும் அதே நோய், கண்டுபிடிக்கப்படாமலே இருந்தது. விபத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் அவரோட ஷிஃப்ட் விடியற்காலைக்கு மாறியிருந்தது. அங்க வேகத்தைப் பிடிச்சு நிறுத்தற சிஸ்டம் இல்லை. ஒரே நோய், ஒரே மாதிரி கண்ணசரல். ஒரு இடத்துல எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தாங்க, இன்னொரு இடத்துல நாலு பேர் போகலை.

நம்ம நாட்டுல ஜப்பான் சிஸ்டத்தோட வேலையைச் செய்ய வந்திருக்கறதுதான் கவச். சிவப்பு சிக்னலை நோக்கி வண்டி வேகமா போனா தானா பிரேக் போடும். 2024 வரைக்கும் தென் மத்திய ரயில்வேயில 1,465 கிலோமீட்டர் பாதையில இது வந்திருந்தது. டெல்லி-மும்பை, டெல்லி-ஹவுரா பாதைகள்ல வேலை நடக்குது. ஆனா நம்ம மொத்தப் பாதை சுமார் 69,000 கிலோமீட்டர். கவச் எல்லா இடத்துக்கும் வந்து சேர்ற வரைக்கும் பெரும்பாலான பாதைகள்ல கடைசிப் பாதுகாப்பு அந்த ரெண்டு பேரோட கண்ணுதான்.

நாம என்ன பண்ணலாம்?

எந்தக் காலேஜ் புராஜெக்ட் லிஸ்டை எடுத்தாலும் 'டிரைவர் டிரவுசினெஸ் டிடெக்ஷன்' ஒண்ணு கண்டிப்பா இருக்கும். கேமரா, கண் இமை மூடற விகிதம், பஸ்ஸர். நல்ல புராஜெக்ட்தான். ஆனா கண்ணு மூடற அந்த நிமிஷத்துல பிடிக்கறது கடைசிக் கட்டம். அந்தத் தவறு உண்மையில ஆரம்பிச்சது ரெண்டு நாள் முன்னாடி, டியூட்டி சார்ட்டை யாரோ நிரப்பினப்போ.

அந்த இடத்துலதான் நமக்கு வேலை இருக்கு. ரயில்வேயோட க்ரூ மேனேஜ்மென்ட் சிஸ்டத்துல ஒவ்வொருத்தரும் எப்போ சைன் ஆன், எப்போ சைன் ஆஃப்னு பதிவாகுது. போர்பெலி மாடல்ல இருந்து வளர்ந்த கணிப்பு முறைகள், இந்த மாதிரி நேரத்தை உள்ளீடா எடுத்துக்கிட்டு, எந்த டியூட்டியில எத்தனை மணிக்கு ஆபத்து ஏறும்னு முன்கூட்டியே சொல்லும். அமெரிக்காவுல ரயில் விபத்துத் தகவல்களோட ஒப்பிட்டு இப்படி ஒரு முறையைச் சோதிச்சும் பார்த்திருக்காங்க. விழிப்பை அளக்கவும் வழி இருக்கு. திரையில எதிர்பாராத நேரத்துல வெளிச்சம் வரும், உடனே பட்டனை அழுத்தணும். பதில் வர அரை விநாடிக்கு மேல ஆனா அதைக் கவனப் பிசகா எண்ணுவாங்க. தூக்க ஆராய்ச்சியில ரொம்ப காலமா இருக்கிற டெஸ்ட் இது. ஒரு டேப்லெட் போதும்.

ஆனா எச்சரிக்கை ஒண்ணு. டெஸ்ட்ல தோத்தவருக்குச் சம்பளம் வெட்டினா, அடுத்த நாளே ஹின்டன் பெடல் மேல கனத்தை வெச்ச கதைதான். 'நான் தூங்கலை, இன்னிக்கு என்னால முடியாது'ன்னு ஒருத்தர் பயமில்லாம சொல்லவும், அவருக்குப் பதிலா ஓட்ட இன்னொருத்தர் இருக்கவும் வேணும். அதுக்கு ஆள் எடுக்கணும். காலியிடத்தை நிரப்பாம சென்சார் மாட்டறது ஓட்டை டேங்க்ல லெவல் இண்டிகேட்டர் மாட்டற மாதிரி.

செலவே இல்லாத மாற்றமும் இருக்கு. அமெரிக்காவுல 2008-ல வந்த சட்டப்படி ரெண்டு டியூட்டிக்கு நடுவுல குறைஞ்சது 10 மணி நேரம் ஓய்வு. அந்த 10 மணி நேரத்துல கம்பெனி போன் பண்ணித் தொந்தரவு பண்ணவே கூடாது. ஓய்வை மணியால மட்டும் அளக்காம, இடைஞ்சல் இல்லாத மணியால அளக்கறாங்க.

இன்னும் சில மாசத்துல நம்மள்ல சில பேர் ரயில்வே வேலைக்கே எழுதப் போறோம். சில பேர் சாஃப்ட்வேர் கம்பெனியில ஷிஃப்ட் சார்ட் போடற டூல் எழுதுவோம், சில பேர் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசரா இருப்போம். யாரோ ஒருத்தரோட தூக்கம் நாம நிரப்பற ஒரு கட்டத்துல இருக்கும். விபத்து நடந்த மறுநாள் 'டிரைவர் தூங்கிட்டாரா?'ன்னு கேட்கறது சுலபம். 'அவர் தூங்கறதுக்கு நேரம் எப்போ கொடுத்தோம்?'னு அந்தக் கட்டத்தை நிரப்பும்போதே கேட்டுடணும்.